வெட்டக்கூடாத மீ

அப்பாவின் பிறந்தநாள் சாப்பாட்டில் மீ, அந்த நீள நூடுல்ஸ், கடைசியில்தான் வரும். அதற்குள் சொல்லிவிட வேண்டும். காலையில் அப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடும்போதே புஷ்பலீலா இதை முடிவு செய்துவிட்டாள், காரில் வரும்போது மறுபடி முடிவு செய்தாள், இப்போது இந்த வட்ட மேசையில் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டு இன்னொரு தடவையும் முடிவு செய்கிறாள். முடிவு செய்வதில் அவளுக்கு என்றைக்கும் குறை இருந்ததில்லை. ஈப்போவில் இந்தச் சீனச் சாப்பாட்டுக்கடைக்கு வந்தால் அவளுக்கு எப்போதும் இதே இடம்தான். வலப்பக்கம் சுவர், முதுகுக்குப் பின்னால் மீன் தொட்டி, இடப்பக்கம் அப்பாவின் சக்கர நாற்காலி, அதற்கு பிரேக் போட்டாகிவிட்டது. இனி கை கழுவ எழுந்திருக்க வேண்டுமானாலும் எதிரே இருக்கும் தம்பி தேவா எழுந்து, அவன் மனைவி யோகேஸ்வரி எழுந்து, நாற்காலியை நகர்த்தி, அப்பாவின் கால் எங்கேயாவது இடித்துக்கொள்கிறதா என்று குனிந்து பார்த்து, பிறகுதான் அவள் வெளியே வர முடியும். அதனால் அவள் எழுந்திருப்பதே இல்லை, தண்ணீரும் குறைவாகத்தான் குடிப்பாள். உட்காரும்போது யாரும் அவளை அங்கே போ என்று சொல்லவில்லை. அவளே போய் நுழைந்து உட்கார்ந்துகொண்டாள், அதுதான் வேடிக்கை. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். தேவா, நான் கேமரன்மலைக்குப் போறேன், அப்பாவ நீ பாத்துக்கணும். பாத்துக்கணும் என்றால் உத்தரவு போடுவதுபோல் இருக்கிறது. பாத்துக்கிறியா என்றால் கெஞ்சுவதுபோல் இருக்கிறது, இல்லை என்று சொல்ல அவனுக்கு வசதியாகப் போய்விடும். பாத்துக்கோ. அதுவும் சரியில்லை, கடைக்குப் போகிறேன் வீட்டைப் பார்த்துக்கோ என்பதுபோல. அவள் தையல்காரி, துணி என்றால் அளந்து ஒரே வெட்டில் முடித்துவிடுவாள். இந்த ஒரு வாக்கியம் மட்டும் எந்தப் பக்கம் பிடித்தாலும் சுருங்குகிறது.

முதலில் கறுப்புச் சோயாச் சாற்றில் வெந்த பன்றிக்கறி வந்தது, அவித்த முட்டைகளோடு, மண்சட்டியில் இன்னும் கொதித்துக்கொண்டு. அவள் கை தானாக எழுந்தது. மேசை நடுவில் சுழலும் வட்டக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினாள், அப்பாவுக்கு மெத்தென்ற துண்டாகப் பார்த்து எடுத்து, கரண்டியால் நசுக்கி, சாறு ஊற்றினாள். தேவாவுக்கு முட்டை, யோகேசுக்குக் கொழுப்பில்லாத துண்டு. தன் கிண்ணத்தில் ஏதாவது போட்டோமா என்று பார்க்கவில்லை, போடவில்லை. இடக்கையால் கரண்டியைப் பிடித்து அப்பா தானே சாப்பிட்டார். வலக்கை மடியில் கிடந்தது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி. பக்கவாதம் வந்ததிலிருந்து அவரிடம் மிஞ்சியது இரண்டு மூன்று சொற்கள்தான், அதிலும் அடிக்கடி வருவது 'சரி'. பசிக்கிறதா, சரி. வலிக்கிறதா, சரி. வேண்டாமா, அதற்கும் சரி. மர வியாபாரம் செய்த தவுக்கே, சீன முதலாளி ஒருவரிடம் லாரி ஓட்டிய காலத்தில் ஊரைக் கூட்டும் குரல் அவருக்கு. அந்தத் தவுக்கேதான் அவரை முதலில் இந்தக் கடைக்குக் கூட்டி வந்தது, பிறந்தநாள் என்றால் மீ சாப்பிட வேண்டும் என்று பழக்கியதும் அவர்தான். அம்மா இருந்தவரை வீட்டில் ஒரு சட்டம் இருந்தது: பன்றிக்கறி வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது, ஆனால் வீட்டு ஆட்கள் பன்றிக்கறி இருக்கும் இடத்துக்குப் போய்வரலாம். போய்விட்டு வந்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் சாமி மேடைப் பக்கம் போகலாம். அப்பாவுக்கு ஒரு சட்டம்: மீ வரும்வரை மேசையில் வீட்டு வழக்கு எதுவும் பேசக்கூடாது. முதல்ல சாப்பிடு, அப்புறம் சண்ட போடு என்பார். அவருக்குப் பேச்சு போய்விட்டது, சட்டம் மட்டும் உயிரோடு இருக்கிறது. அதனால்தான் தேவா இப்போது தான் குடியிருக்கும் ஜொகூர்பாருவின் போக்குவரத்து நெரிசலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறான். யோகேஸ் அது எவ்வளவு உண்மை என்று தலையாட்டிக்கொண்டிருக்கிறாள்.

கேமரன்மலையில் நெரிசல் இருக்காது. இருக்குமோ, ஞாயிற்றுக்கிழமைகளில் இருக்கும் என்கிறார்கள். இருந்தால் என்ன, அவள் அறைக்குள் இருப்பாள். பெண்கள் விடுதிக்கு ஒரு காப்பாளர் வேண்டும், தையல் தெரிந்தால் நல்லது, திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள் என்று அங்கே விடுதி நடத்தும் கன்னியாஸ்திரி, ஒரு சிஸ்டர், தொலைபேசியில் சொன்னபோது, சம்பளத்தைப் பற்றிக்கூட அவள் கேட்கவில்லை. அறை இருக்கா சிஸ்டர் என்றாள். இருக்கிறது, சின்னதுதான், ஜன்னலைத் திறந்தால் மலை. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கா. சிஸ்டர் சிரித்துவிட்டார், எல்லாக் கதவுக்கும் இருக்குமே என்றார். இருக்காது சிஸ்டர் என்று சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. வீட்டில் அவள் படுப்பது ஹாலில், அப்பாவின் அறைக்கு நேர் எதிரே. இரவில் அவர் மோதிரம் போட்ட விரலால் கட்டில் கம்பியைத் தட்டுவார். அந்தச் சத்தத்துக்கு எழுந்து எழுந்து, தட்டாத இரவிலும் எழுந்து போய், என்னப்பா என்று கேட்டு, அவர் தூங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு வந்து படுப்பாள். படுத்த பிறகும் காது மட்டும் அங்கேயே நின்றுகொண்டிருக்கும். தாழ்ப்பாள் என்ற சொல்லை நினைத்தாலே அவளுக்கு நெஞ்சு இளகிவிடும், வயசுப்பெண்கள் சிலருக்கு ஆண்பிள்ளைகளின் பெயரை நினைத்தால் ஆகுமே, அப்படி. சீ, என்ன நினைப்பு இது, அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், மோவாயில் சாறு வழிகிறது. துடைத்துவிட்டாள். மொறுமொறுவென்று தோலோடு வாட்டிய பன்றிக்கறி வந்தது. பரிமாறினாள். சட்டிச்சோறு வந்தது. அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டித் தேவாவுக்கு வைத்தாள், அவனுக்குச் சின்ன வயதிலிருந்து காந்தல்தான் உயிர். அடுத்தது மீதான். கடைக்கார லிங் ஆன்டி அந்தப் பக்கமாகப் போனபோது, தன் வாயே தனக்கு முன்னால் ஓடுவதைக் கேட்டாள்: "ஆன்டி, வறுத்த சோறு ஒரு தட்டு. பெரிசு."

"இவ்வளவு யார்க்கா சாப்பிடுறது?" என்றாள் யோகேஸ்.

"அப்பாவுக்குப் பிடிக்கும்," என்றாள் லீலா. அப்பாவைப் பார்த்தாள். சரி என்றார் அப்பா.

வறுத்த சோறு பிழைக்க வைத்தது, கொஞ்ச நேரத்துக்கு. இனிப்புத் தொத்திறைச்சித் துண்டுகளும் முட்டையும் போட்டு, சட்டியின் புகை மணத்தோடு குவியலாக வந்தது. அதைப் பிரித்து வைப்பதில் அவள் முழுமூச்சாக இறங்கினாள். நல்லது, இப்போது சொல்லிவிடலாம், எல்லோர் வாயிலும் சோறு இருக்கிறது, யாரும் உடனே பதில் சொல்ல முடியாது. ஆனால் சட்டம் இருக்கிறதே. ஐம்பதை நெருங்கும் பெண், பேச முடியாத கிழவர் போட்ட சட்டத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறாள் என்று வெளியே தெரிந்தால் சிரிப்பார்கள். பயமெல்லாம் ஒன்றுமில்லை, வசதி. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது வசதியாக இருக்கிறது. சோறு முடியப்போகும் நேரம். அப்போது தேவா கையைத் தூக்கினான். லிங் ஆன்டியைக் கூப்பிட்டு, அந்தப் புளிப்பும் இனிப்புமான பன்றிக்கறி ஒன்று கொண்டுவாங்க என்றான். லீலாவுக்கு அப்பாடா என்றிருந்தது. அடுத்த நொடியே அவனை நிமிர்ந்து பார்த்தாள். தேவாவுக்கு அந்தக் கறி பிடிக்காது. அன்னாசிப்பழத்தைக் கறியில் போடுகிறவனைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்பான். பின்னே எதற்குச் சொன்னான்? இப்போதுதான் கவனித்தாள், அவன் கண்ணாடியைச் சும்மா சும்மா சுழற்றிக்கொண்டிருக்கிறான், எதையும் எடுப்பதில்லை. யோகேஸ் அவன் முழங்கையை லேசாகத் தொடுகிறாள். ஏதோ இருக்கிறது. இவனும் ஏதோ சொல்ல வந்திருக்கிறான், இவனும் மீயைத் தள்ளிப் போடுகிறான். ஆஸ்திரேலியாவா? யோகேசின் அண்ணன் அங்கே இருக்கிறார், போன தீபாவளிக்கே பேச்சு அடிபட்டது. குடும்பத்தோடு போகிறோம் அக்கா, நீ இருக்கிற தைரியத்துலதான் போறோம் என்பான். அப்படித்தான் சொல்வான், தைரியம் என்ற சொல்லைக் கட்டாயம் போடுவான். அவனுக்கு ஜொகூர் போக தைரியம் கொடுத்ததும் அவள்தான். அவன் அதைச் சொல்லிவிட்டால் பிறகு அவளுடைய வாக்கியத்துக்கு இடமே இல்லை. முந்திக்கொள்ள வேண்டும். தேவா, நான். தேவா, நான் கேமரன்மலைக்கு. எதிரே அவன் தனக்குப் பிடிக்காத அன்னாசிப்பழத்தை மென்று கொண்டிருந்தான். அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது, அந்த இரக்கத்தின் மேல் எரிச்சல் வந்தது.

கைப்பையை மடிக்கு இழுத்துத் தொட்டுப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் அது இருந்தது, நூல் வெட்டும் சின்னக் கத்தரி. தையல் வேலைக்கு வேறு இருக்கிறது, இது அப்பாவின் மீக்கு மட்டும். நீளமாக எதுவும் தொண்டைக்குள் போகக்கூடாது, சிக்கிக்கொள்ளும் என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸி அவளிடம்தான் சொன்னாள். பிறந்தநாள் மீயை வெட்டக்கூடாது, நீளமாக இருந்தால்தான் ஆயுள் நீளம், வெட்டினால் ஆயுளை வெட்டியதுபோல் என்பது லிங் ஆன்டியின் நம்பிக்கை. அப்பாவுக்கும் அது நம்பிக்கை, நம்பிக்கையைவிடப் பெருமை. ஒரு இழையை வாயில் வைத்தால் கடிக்காமல் முனை வரைக்கும் உறிஞ்சிவிடுவார், தவுக்கேயே கைதட்டினாராம். அதை எப்படி அவர் கண்ணெதிரே வெட்டுவது? அதனால் ஒவ்வொரு பிறந்தநாளும் அவள் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொள்வாள், மேசைவிரிப்புக்குக் கீழே, பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, சத்தம் வராமல் வெட்டுவாள். பிறகு ஆறவைத்துத் தருவதுபோல் ஒவ்வொரு கரண்டியாக ஊட்டிவிடுவாள். யாருக்கும் தெரியாது. தேவாவுக்குச் சொன்னதில்லை, சொன்னால் அவன் வாய் சும்மா இருக்காது. ஒரு வருஷம் அப்படி வெட்டிக்கொண்டிருக்கும்போது, இன்னும் எத்தனை பிறந்தநாள் என்று மனசு கேட்டுவிட்டது. சாதாரணமாகத்தான் கேட்டது, பஸ் எத்தனை மணிக்கு என்பதுபோல.

மீ வந்தது. பெரிய தட்டில், பளபளவென்று, காளானும் பன்றிக்கறி நறுக்கும் மேலே தூவி, லிங் ஆன்டி தன் கையாலேயே கொண்டுவந்து வைத்தாள். நூறு வயசு இரு முத்தையா என்று மலாய் மொழியில் வாழ்த்தினாள். அப்பா சரி என்றார், எல்லோரும் சிரித்தார்கள். லீலா வாயைத் திறந்தாள்.

"அக்கா," என்றான் தேவா. "ஒன்னு சொல்லணும்க்கா. எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாமத்தான் அந்தக் கண்றாவிக் கறிய வரச்சொல்லி உக்காந்திருந்தேன். அப்பாவ நாங்க ஜொகூருக்குக் கூட்டிட்டுப் போயிடறோம்."

"கீழ்ரூம ரெடி பண்ணியாச்சுக்கா," என்றாள் யோகேஸ். "பாத்ரூம்ல கைப்பிடி எல்லாம் வச்சாச்சு. எங்கம்மாவையும் நான்தான் பாத்தேன், எனக்குப் பழக்கம் இருக்கு. நீங்க பண்ணது போதும்க்கா. கோவிச்சுக்காதீங்க."

கோவித்துக்கொள்வதா. மேசைக்கு மேலே ஏறிக் குதிக்க வேண்டும் அவள், நியாயமாகப் பார்த்தால். இத்தனை நாளாக இடித்துக்கொண்டிருந்த கதவை அந்தப் பக்கத்திலிருந்து யாரோ சாதாரணமாகத் திறந்துவிட்டார்கள். அவளுக்கோ கோபம்தான் வந்தது, கண்மண் தெரியாத கோபம். போதும் என்றால் என்ன அர்த்தம்? யார் சொல்வது போதும் என்று? கீழ்ரூமாம். அவர் கிழக்கே தலை வைத்தால்தான் தூங்குவார் என்று இவர்களுக்குத் தெரியுமா? சரி என்று சொல்லிக்கொண்டே புருவத்தை உயர்த்தினால் இல்லை என்று அர்த்தம், அது தெரியுமா? மோதிரம் தட்டுகிற சத்தம் மாடிக்குக் கேட்குமா? கேட்காது, தேவா குறட்டை விடுகிறவன். முடியாது, அவர் என்னோடயே இருக்கட்டும் என்று ஒரு வாக்கியம் முழுசாக, மடிப்புக் கலையாமல் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. எத்தனை நாள் அந்த இன்னொரு வாக்கியத்தோடு மல்லுக்கட்டினாள், இது ஒரு வலியும் இல்லாமல் வந்து நிற்கிறது பார். சுவர், மீன் தொட்டி, சக்கர நாற்காலி. இதை விட்டு வெளியே போனால் அவள் எங்கே உட்காருவாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மலையில் அந்த அறைக்குள் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு காதை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

அதற்குள் தேவா எழுந்து இந்தப் பக்கம் வந்துவிட்டான். இன்னிக்கு நான் ஊட்டுறேன்ப்பா என்று கிண்ணத்தில் மீயை அள்ளிக்கொண்டான். குச்சியால் ஒரு இழையைத் தூக்கினான். அது வந்தது, வந்துகொண்டே இருந்தது. அப்பா அதைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை லீலா பார்த்தாள், பக்கவாதத்துக்குப் பிறகு பார்க்காத முகம் அது, பசியும் போக்கிரித்தனமும் சேர்ந்த லாரிக்காரர் முகம். வாயைத் திறந்தார். சொல்லு. வெட்டணும் தேவா. இரண்டு சொல். சொல்லு லீலா. முதலில் சொல்லாதது அவர் முகத்துக்காக. அது உண்மை. அதற்கு அடுத்த நொடி சொல்லாதது எதற்காக? ஆகட்டும், என்ன ஆகிறதோ ஆகட்டும் என்று மனசுக்குள் யாரோ கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். யாரோ இல்லை, அவள்தான். அப்பா உறிஞ்சினார், பாதி இழை போயிற்று, கண் விரிந்தது, இருமல் வெடித்தது. முகம் கறுத்துக்கொண்டு வந்தது. தேவா குச்சியோடு உறைந்துபோனான். லீலா எழப்போனாள், நாற்காலி விடவில்லை. சுவர் தோளில் இடித்தது. யோகேஸ்தான் வந்தாள். அவசரமே இல்லாமல் அவரை முன்னால் சாய்த்து, தோள்பட்டை நடுவில் உள்ளங்கையால் தட்டி, மீதி இழையை வாயிலிருந்து விரலால் இழுத்தெடுத்தாள். ஒன்னுமில்ல மாமா, ஒன்னுமில்ல, இருமுங்க என்றாள். அப்பா இருமினார். மூச்சு வந்தது. கண்ணீர் வழியச் சிரிக்கப் பார்த்தார்.

அவர் பிழைத்துக்கொண்டார், அவள் இல்லாமல் பிழைத்துக்கொண்டார், அவள் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தபோது பிழைத்துக்கொண்டார். "கடவுளே, அக்கா, நீ எப்படிக்கா இவ்ளோ நாள் ஊட்டுன?" என்றான் தேவா. அவள் கைப்பையைத் திறந்தாள். மேசைவிரிப்புக்குக் கீழே வைத்துக்கொள்ளத்தான் கை முதலில் போயிற்று, பழக்கம். அங்கிருந்து அதை மேலே கொண்டுவர, கையே கனத்தது. கத்தரியை எடுத்து நடுக் கண்ணாடியின் விளிம்பில் வைத்தாள், யோகேஸ் இருக்கும் பக்கமாகச் சுழற்றிவிட்டாள். வெந்த கறிக்கும் சோற்றுக்கும் நடுவே கத்தரி மெல்ல நகர்ந்தது. லிங் ஆன்டி அதைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பாவின் முன்னால் வந்ததும் கண்ணாடி நின்றது. அவர் இடக்கையை அதன்மேல் ஊன்றியிருந்தார்.

அவர் கத்தரியைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார், பிறகு லீலாவை, அவள் மடியை. ஒவ்வொரு பிறந்தநாளும் தன் வாய்க்கு வந்த துண்டு துண்டு மீ அவருக்கு இப்போது விளங்குகிறது என்பது அவளுக்கு விளங்கியது. அவள் இந்தப் பக்கமிருந்து கண்ணாடியைத் தள்ளினாள், அவர் விடவில்லை. இருக்கிற ஒரே கையிலும் இன்னும் இவ்வளவு பலம் வைத்திருக்கிறார். ஏன்ப்பா, கோபமா, என்னப் போகவேணாங்கிறியா என்று வாய்க்குள்ளேயே கேட்டாள். அவள் கை தளர்ந்தது, தளர்ந்த பிறகு அவர் தள்ளினார். கத்தரி யோகேசின் முன்னால் போய் நின்றது.

"சரி," என்றார் அப்பா. அவள் புருவத்தைப் பார்த்தாள். அது உயரவில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது, அவர் பிடித்தே வைத்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

யோகேஸ் கத்தரியைத் துடைத்துக்கொண்டு, "எவ்ளோ நீளம்க்கா?" என்று கேட்டாள். லீலா தன் சுண்டுவிரலில் பாதியைத் தொட்டுக் காட்டினாள்.

தேவா அவளுடைய காலிக் கிண்ணத்தை அப்போதுதான் பார்த்தான்போல. நீ ஒன்னுமே சாப்பிடலையே என்று மீயை அள்ளி வைத்தான். அவள் ஒரு இழையைக் குச்சியால் எடுத்து வாயில் வைத்தாள். இத்தனை வருஷமும் அப்பா கிண்ணத்தில் மிஞ்சிய துண்டுகளைத்தான் தின்றிருக்கிறாள், முழு இழை இதுதான் முதல் தடவை. உறிஞ்சினாள், அது முடிகிற வழியாக இல்லை. ஒரு முனை வாய்க்குள், மறுமுனை கிண்ணத்தில். கடிக்கக்கூடாது. அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீ வந்தப்ப நீயும் ஏதோ சொல்ல வாயெடுத்தியே," என்றான் தேவா. "என்னக்கா?"

வாய் நிறைந்திருந்தது. அவள் அப்பாவைப் பார்த்தபடியே மீயைக் கடித்தாள். விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "அந்தப் பிரேக்க எடு தேவா. நான் வெளிய வரணும். கேமரன்மலைக்கு ஒரு ஃபோன் பண்ணணும்."